நரியின் வாய்க்கட்டு

தும்பக்காட்டூரில் கரிநாளுக்கு மறுநாள் பொழுது விடிந்தபோது, கண்விழித்த ஒவ்வொருவரும் முதலில் பார்த்த முகம் நரியின் முகமாக இருந்தது. புரண்டு படுத்த கணவனுக்கு மனைவியின் கழுத்துக்கு மேலே நரி முகம் தெரிந்தது, கோலப்பொடியோடு கதவைத் திறந்தவளுக்குச் சைக்கிளில் வந்த பால்காரரின் தோளுக்கு மேலே நரி முகம் தெரிந்தது, ஒண்டிக்கட்டையாகப் படுத்திருந்து எழுந்ததும் காலண்டரைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களுக்குத் தாமரைமேல் உட்கார்ந்திருந்த லட்சுமியே நரி முகத்தோடு காசு கொட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே முகம்தான். காது இரண்டும் பின்னால் மடங்கி, மூக்கு நுனி வறண்டு, வாயைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக முறுக்கிய கயிறு இறுகி, கண் இரண்டும் பார்க்கிற ஆளையே பார்த்து நடுங்குகிற முகம். எழுந்து போய் இரண்டு கை தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டால் அது போய்விட்டது, மனைவி மனைவியாகவும் பால்காரர் பால்காரராகவும் லட்சுமி லட்சுமியாகவும் ஆகிவிட்டார்கள். ஊரில் ஒருவரும் கத்திக் கூச்சல் போடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள்.

கும்பிடாமல் என்ன செய்வார்கள்? நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் முழுக்க யோகம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் அது. இடப்பக்கம் போனால் என்ன, வலப்பக்கம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று மற்ற ஊர்க்காரர்கள் நரியை விட்டுவிடுவார்கள். தும்பக்காட்டூர்க்காரர்கள் விடமாட்டார்கள். பொங்கல் முடிந்த கரிநாளில் ஊரே திரண்டு, தாரை தப்பட்டையோடு ஊருக்கு வெளியே இருக்கிற ஊசிக்கரட்டுக் குன்றைச் சுற்றி வளைத்து, ஒரு பக்கம் வலையைக் கட்டி மறுபக்கம் கலைத்து, வங்கா நரி ஒன்றைப் பிடித்து, வாயைக் கட்டி, பின்னங்காலில் கயிறு போட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை சூட்டி, மாரியம்மன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற விட்டு, ஊரில் உள்ள அத்தனை பேரும் அதன் முகத்தைப் பார்த்த பிறகு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடிப்பதில்லை, கொல்வதில்லை, ஒரு மயிரைக்கூடப் பிடுங்குவதில்லை என்று யார் கேட்டாலும் சொல்வார்கள். நரிக்கு அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அதன் வாய் கட்டியிருக்கும்.

வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இருசப்பன் வீட்டு உரிமை. மற்ற நாட்களில் அவன் பாக்குத்தோப்பில் மரம் ஏறுகிறவன், மரவள்ளி சீசனில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்குக் கிழங்கு ஏற்றுகிறவன், கரிநாள் ஒன்றில் மட்டும் ஊர்க்கவுண்டருக்குச் சமமாக நடப்பான். அவன் அப்பன் காட்டிக்கொடுத்த முடிச்சு ஒன்று இருந்தது. விலங்கு திமிரத் திமிர அது இறுகும். இழுத்தால் அவிழாது. மூக்குப் பக்கமாக, அதாவது பல் இருக்கிற பக்கமாகவே விரலைக் கொண்டுபோய்த் தள்ளினால்தான் அவிழும். கட்டின கையே அவிழ்க்க வேண்டும், முதலில் வாயை அவிழ்க்க வேண்டும், அப்புறம்தான் காலை விட வேண்டும். இதுதான் முறை.

அந்த வருஷம் முறை மாறிவிட்டது. பாரஸ்ட்காரர்கள் வருஷா வருஷம் வந்து கேஸ் போடுவார்கள், ஊரும் கோயில் வரியோடு அபராதத்தையும் சேர்த்து வசூலித்து வைத்திருக்கும், அதிலொன்றும் புதுமை இல்லை. ஆனால் இந்த முறை புதிதாக வந்திருந்த வனக்காவலர் ஜெசிந்தா, அபராதம் கிடையாது, பிடித்தவனைப் பிடித்து உள்ளேதான் வைப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நரி இரண்டாவது சுற்றில் இருந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. இருசப்பனின் மனைவி உண்ணாமலை நிறைமாசமாக இருந்தாள், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இரண்டு தடவை தங்காமல் போய், இந்தத் தடவையும் சேலத்து டாக்டர் பெரிதாக நம்பிக்கை சொல்லாமல் அனுப்பியிருந்த பிள்ளை அது. ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்க அவனால் ஆகாது. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து முதலில் கால்கயிற்றை அறுத்துவிட்டான். நரி ஒரு நிமிஷம் நம்பாமல் நின்றது. அப்புறம் மாலையும் வாய்க்கட்டுமாக ஊசிக்கரட்டைப் பார்த்து ஓடிவிட்டது.

ஜெசிந்தா இறங்கி, "நரி எங்க?" என்றாள்.

"எந்த நரிங்க மேடம்?" என்றார் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றார்கள், பெண்கள் கும்மிகூடத் தொடங்கிவிட்டார்கள். இருசப்பன் மட்டும் கரட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடியலில்தான் அந்த முகம் வந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லார் வீட்டுத் தலைமாட்டிலும் சொம்புத் தண்ணீர் வந்துவிட்டது, கண்விழித்து, முகத்தைப் பார்த்து, கும்பிட்டு, கழுவிக்கொண்டு எழுந்திருப்பது பல் விளக்குவதைப் போல ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை முண்டியடித்துப் பார்த்த முகத்தைத் தினமும் படுக்கையிலேயே பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பாக்கு விலை ஏறியது, முகத்தால் ஏறியது என்றார்கள். யாரோ ஒருவர் போர்வெல்லில் தண்ணீர் வந்தது, முகத்தால் வந்தது என்றார்கள். இன்னொருவர் மாடு செத்தது, அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அவசரப்பட்டுக் கழுவிவிட்டார் என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து சம்பந்திகள் காரணமே இல்லாமல் விருந்துக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார்கள். தீர்த்தகிரிக் கவுண்டருக்கு மட்டும் முதலில் மனம் ஆறவில்லை. நரியின் முதல் முகம் பார்ப்பது அவர் குடும்பத்து மரியாதை, இப்போது கூலிக்காரனுக்கும் முதல் முகம், கோழி திருடுகிறவனுக்கும் முதல் முகம் என்று ஆகிவிட்டதே என்று பொருமினார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்து, ஊரில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துகொள்ள அலாரம் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா ஒரு நாள் ஜீப் கிடைக்காமல் பஸ்ஸில் விசாரணைக்கு வந்து, கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு, பள்ளிக்கூடத்து டீச்சரோடு தங்கினாள். காலையில் எழுந்து செல்போனில் தன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று டீச்சர் சொன்னார். டீக்கடைக்கு வந்தபோது கவுண்டர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இதுக்கு என்ன செக்சன் மேடம் போடுவீங்க?"

"முகத்த மட்டும் வெச்சுக் கேஸ் போட முடியாதுங்க. உடம்பு வேணும்" என்றாள் அவள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அது யாரையோ பாத்துப் பயப்படுது. யாரைன்னுதான் எனக்குத் தெரியணும்" என்றாள்.

அது யாரைப் பார்த்துப் பயப்படுகிறது என்று ஊருக்குத் தெரியும். பார்க்கிறவனைப் பார்த்துத்தான் பயப்பட்டது. அங்கேதான் நிம்மதி போயிற்று. ஒரு மனுஷன் பகலெல்லாம் நல்லவனாக நடந்து, பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்கினாலும், விடிந்ததும் அவன் பார்க்கிற முதல் முகம், அது பெண்டாட்டியுடையதோ பிள்ளையுடையதோ, அவனைக் கொலைகாரனைப் போலப் பார்த்து நடுங்கினால் அவன் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவான்? யோகம் யோகம் என்று வாய் சொன்னது, ராத்திரி படுக்கப் போக உடம்பு கூசியது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள், படுத்தவர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள், எழுந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே தண்ணீரைத் தேடித் தடவி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சிலர் கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தூங்கிச் சளி பிடித்துத் திரிந்தார்கள். ஒரு வீட்டில் புருஷன், "நான் என்னடி பண்ணிட்டேன், ஏன் அப்படிப் பாக்கற?" என்று தினமும் கேட்டுக் கேட்டு, அவள் "நான் சும்மாதான் பாத்தேன்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லோரும் எரிந்து எரிந்து விழுந்தார்கள். ஆனால் ஒருவரும் அதை நரிமேல் சொல்லவில்லை, வெயில்மேல் சொன்னார்கள்.

இருசப்பனின் அவதி இவர்களுடையதைப் போல இல்லை. மற்றவர்கள் நரியைப் பார்த்தார்கள், அவன் முடிச்சைப் பார்த்தான். உண்ணாமலையின் மூக்குக்குக் கீழே, காலண்டர் லட்சுமியின் மூக்குக்குக் கீழே, கண்ணாடியில் தன் மூக்குக்குக் கீழே, அவன் கையால் போட்ட முடிச்சு, நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. வாயை அவிழ்க்காமல் விட்ட நரி எங்கோ கரட்டில் திமிரிக்கொண்டிருக்கிறது, திமிரத் திமிர இறுகுகிறது, நாக்கு நுனியை நீட்டிப் பாறையில் இருக்கிற பனியை நக்கிக்கொண்டு கிடக்கிறது. அது எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மாசி மாதம் கூட்டம் போட்டபோது அவன் எழுந்து சொன்னான். "வாய்க்கட்ட அவுக்காம உட்டுட்டேனுங்க. மறுபடி ஒருக்கா வளைச்சுப் புடிச்சு அவுத்து உட்டரலாம். எல்லாரும் ஒரு பொழுது வந்தாப் போதும்."

கூட்டம் சலசலத்தது. கவுண்டர் கையமர்த்தினார். "இருசப்பா, நீ சொல்றது ஞாயந்தான். நமக்கும் அந்தச் சீவன்மேல இரக்கம் இல்லாம இல்ல. ஆனா கட்டு இருக்கறதுனாலதான முகம் இருக்குது? அவுத்துட்டா முகம் போயிரும், முகம் போனா யோகம் போயிரும். ஒரு நரிக்குப் பாத்தா ஊருக்கு ஆவுமா?"

"அது பட்டினி கெடக்குதுங்க."

"பட்டினி கெடந்தா இந்நேரம் செத்திருக்கும். சாமி அதுக்குப் படியளக்குது. நீ எதுக்கு நடுவுல போற?" என்றார் கவுண்டர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "உன் ஊட்டுல விசேசம் வருது. அந்தப் புள்ள தங்கினதே எந்த முகத்தாலன்னு ரோசன பண்ணிப் பாரு."

இருசப்பன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பயம் அவனுக்குள்ளேயே இருந்தது, கவுண்டர் அதை எடுத்து வெளியே வைத்தார், அவ்வளவுதான்.

அந்த வாரமே உண்ணாமலைக்குப் பிள்ளை பிறந்தது. டாக்டர் சொன்ன எந்த ஆபத்தும் நடக்கவில்லை, சுகப்பிரசவம், பெண் குழந்தை, நல்ல எடை, இடது புருவத்தில் மட்டும் மயிர் இல்லாத ஒரு துளி இடம். ஊரே வந்து பார்த்து, முகத்தின் புண்ணியம் என்றது. இருசப்பன் அழுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் கவுண்டர் காலில்கூட விழுந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் நாளுக்கு ஒரு முறை கண்விழிக்கிறார்கள், பச்சைப்பிள்ளை தூங்குவதும் விழிப்பதுமாகவே இருக்கிறது, விழிக்கிற ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது அம்மா முகத்தை. அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றாலே கயிறு கட்டிய வாயும் நடுங்குகிற கண்ணும்தான். பசித்து அழுது கண்ணைத் திறக்கும், உண்ணாமலையைப் பார்க்கும், அப்படியே அழுகை தொண்டையில் நின்றுபோய் உடம்பு விறைத்துக்கொள்ளும். மார்பில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைத்து, தட்டிக்கொடுத்து, பாட்டுப் பாடி, அது மெல்ல நம்பி வாய் வைப்பதற்குள் மறுபடி தூங்கிவிடும்.

தூங்கும்போதே துடைத்துப் பார்த்தார்கள், விழித்த பிறகு துடைத்தால்தான் பலித்தது. இருட்டில் வைத்துப் பார்த்தார்கள், இருட்டிலும் அந்தக் கண் தெரிந்தது. உண்ணாமலை முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். பிள்ளை அதை விலக்கிப் பார்க்கிற அளவுக்கு வளரவில்லை, ஆனாலும் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த மாதிரி நடுங்கியது. கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸ், பால் பத்தவில்லையா என்று கேட்டாள். உண்ணாமலைக்குப் பால் கட்டி ஜாக்கெட் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை இருசப்பன் கண்விழித்தபோது முதலில் பார்த்தது பிள்ளையை. அத்தனை சின்னக் கழுத்தின்மேல் அத்தனை பயந்த முகம். அவன் சொம்புக்குக் கை நீட்டினான், கை போகவில்லை.

"ஏங்க," என்றாள் உண்ணாமலை, "இன்னைக்கே போங்க."

"அவுத்துட்டா..." என்றான் அவன்.

"தெரியும். எல்லாரும் என் காதுபடத்தான பேசறாங்க. அது குடுத்த புள்ளையாவே இருக்கட்டும். பெத்தவளப் பாத்துப் பயந்துகிட்டே வளர்ற யோகம் என் புள்ளைக்கு வேண்டாம். ஒரு சீவன் வாயக் கட்டிப் போட்டு வர்ற பால் அதுக்கு இறங்கல, பாக்கறீங்கல்ல?" அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள், அவன்மேல்தான் கோபம், அது நியாயம் என்று அவனுக்கும் தெரிந்தது. "கட்டினது நீங்கதான?"

அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். துணைக்கு யாரும் வரவில்லை, கூப்பிட்ட வீடுகளில் எல்லோருக்கும் திடீரென்று வேலை இருந்தது. ஊரே வளைத்துப் பிடிக்கிற நரியை ஒற்றை ஆள் வலையில் எப்படிப் பிடிப்பான்? ஊசிக்கரட்டில் ஒரு பக்கம் வலையைக் கட்டிவிட்டு மறுபக்கம் ஓடிச் சத்தம் போட்டால், நரி நிதானமாக மூன்றாவது பக்கம் போய்ப் பாறைமேல் நின்று அவனைப் பார்த்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, கழுத்தில் செவ்வந்தி மாலையின் வாழைநார் மட்டும் மிச்சம் இருந்தது. அவன் ஒரு அடி வைத்தால் அது பத்து அடி போயிற்று. நல்லதுக்குத்தான் வருகிறேன் என்று நரியிடம் எப்படிச் சொல்வது? போன முறையும் இதே வலையோடு, இதே கையோடுதான் வந்தான். அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். நரிக்கும் அவனுக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம், அதுவும் நரிக்கு வாய் வழியாக வாங்க முடியாது.

பிள்ளை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த ஒரு நாள், அவன் வலையை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். திட்டம் ஒன்றும் இல்லை. சுனை வற்றிக் கிடந்த பாறைப் பக்கம், உசிலை மரத்து நிழலில் உட்கார்ந்தான். பல நாளாகச் சரியாகத் தூங்காத உடம்பு, உட்கார்ந்ததும் சாய்ந்தது. எங்கே படுத்தாலும் தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்வது ஊர்ப் பழக்கமாகிவிட்டிருந்ததால், கையோடு கொண்டுவந்திருந்ததைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

சொம்பில் ஏதோ இடிக்கிற சத்தத்தில் கண்ணைத் திறந்தான். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், நரி நின்றது. கட்டிய வாயைச் சொம்புக்குள் நுழைக்கப் பார்த்து, நுழையாமல், விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. அவன் அசைகிற சத்தம் கேட்டு அது நிமிர்ந்தது, அவன் அதன் முகத்தைப் பார்த்தான்.

கண்விழித்ததும் பார்க்கிற முதல் முகம். ஊரில் அத்தனை பேர் முகத்திலும் நரியின் முகம் வந்து உட்கார்ந்திருந்தால், அவர்கள் முகமெல்லாம் அத்தனை நாளும் எங்கே போய் உட்கார்ந்திருந்தன என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அது அங்கே இருந்தது. நரியின் மெலிந்த கழுத்துக்கு மேலே அவன் மகளின் முகம் இருந்தது. ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் மயிர் இல்லாத ஒரு துளி இடம், கீழே அந்தச் சின்ன வாயைச் சுற்றி அவன் முறுக்கிய சிவப்பும் மஞ்சளும், அவன் போட்ட முடிச்சு, தோலுக்குள் புதைந்து, ஓரத்தில் புண்ணாகி.

தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் கழுவிக்கொள்ளவில்லை. கழுவினால் நரியாகிவிடும், நரி என்றால் பல்லுக்குப் பயந்து கை பின்வாங்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. படுத்தபடியே மெதுவாகக் கையைக் கொண்டுபோனான். மகளின் கண்கள் அவனைப் பார்த்து நடுங்கின, ஆனால் தாகம் அதை அங்கேயே பிடித்து வைத்திருந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, அப்பா தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னான். எத்தனையோ நரிக்கு வாய்க்கட்டு அவிழ்த்தவன், அவற்றில் ஒன்றிடமும் இதைச் சொன்னதில்லை. இழுக்கவில்லை, மூக்குப் பக்கமாகவே விரலைத் தள்ளினான். முடிச்சு காய்ந்து கல்லாக இருந்தது. நகம் பெயர்கிற மட்டும் தள்ளினான். கயிறு ஒரு முறை வழுக்கி, இரண்டாம் முறை கொடுத்து, அவிழ்ந்து விழுந்தது.

வாய் திறந்தது. திறந்த வாய் அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எலும்பு தெரியக் கடித்தது. அதுவரை நாவின் நுனியால் உலகத்தைச் சுவைத்துக்கொண்டிருந்த விலங்கு அது, நன்றி சொல்லவா வரும்? வலி கண்ணைக் கட்டி, கண்ணீர் வழிந்து முகத்தைக் கழுவியது. மறுபடி பார்த்தபோது அங்கே வெறும் நரிதான் இருந்தது, சொம்பை உருட்டி, சிந்திய தண்ணீரைச் சத்தமாக நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

வாழப்பாடி ஆஸ்பத்திரியில் எது கடித்தது என்று கேட்டதற்கு நாய் என்றான். ஊசி போட்டுக்கொண்டு வரும் வழியில் ஜெசிந்தா ஜீப்பை நிறுத்தி, கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"எந்த நாயி?"

"கட்டிப் போட்டிருந்த நாயிங்க மேடம்."

"இப்ப?"

"அவுத்து உட்டுட்டேனுங்க."

அவள் கதவைத் திறந்து அவனை ஏற்றிக்கொண்டு, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

உள்ளே உண்ணாமலை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் பேச வாயெடுத்தபோது, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள். பிள்ளை கண்விழித்திருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதைப் போல, மூக்கை, நெற்றியை, வாயை, மறுபடி மூக்கை. அப்புறம் பசி ஞாபகம் வந்து, வீட்டுக் கூரை அதிர அழுதது. உண்ணாமலை பழக்கத்தில் முகத்தை மூட எடுத்த முந்தானையை உதறிவிட்டுப் பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டாள். இருசப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, பிள்ளை பால் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு உயிர் வந்தது.

மறுநாள் ஊரில் எல்லோரும் அவரவர் வீட்டு முகத்தில் விழித்தார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. "அட, நீயா?" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வந்தாள். எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகத் தூங்கி எழுந்து இருசப்பனைத் திட்டினார்கள். பாக்கு விலை இறங்கியதற்கு அவன்தான் காரணம், மழை தள்ளிப்போனதற்கும் அவன்தான் காரணம். இருசப்பன் பயந்து பயந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். முகம் கொடுத்ததை முகம் எடுத்துக்கொள்ளுமோ என்று சித்திரை முழுக்கப் பயந்தான், ஆடியில் அது காய்ச்சலில் கிடந்தபோது செத்துப் பிழைத்தான். அது எழுந்து உட்கார்ந்தது, தவழ்ந்தது, மண்ணைத் தின்றது. மரகதம் என்று பேர் வைத்தார்கள். ஒரு பழக்கம் மட்டும் அதற்குத் தங்கிவிட்டது. எப்போது கண்விழித்தாலும், முதலில் யார் முகம் தெரிகிறதோ அவர் வாயைத் தொட்டுப் பார்க்கும். விரலால் உதட்டைச் சுற்றித் தடவி, ஏதாவது கட்டியிருக்கிறதா என்று தேடி, இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிக்கும்.

அடுத்த தை வந்தது. கரிநாளன்று விடியலிலேயே தப்பட்டைக்காரர்களோடும் ஊராரோடும் தீர்த்தகிரிக் கவுண்டர் இருசப்பன் வாசலுக்கு வந்தார். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருசப்பன் நின்றிருந்தான். வலை எங்கே என்று அவர் கேட்பதற்கு முன்பே அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. உண்ணாமலை அதை வீட்டுப் பக்கத்துக் கொல்லையில் பந்தலாகக் கட்டியிருந்தாள், அதன்மேல் அவரைக்கொடி ஏறிப் பூத்துக் கிடந்தது.

"கொடிய அறுத்துட்டு எடுத்தாப் போச்சு" என்றார் கவுண்டர். "போன வருசம் நடந்தது நடந்து போச்சு, இருசப்பா. ஊரு மறந்துருச்சு, நானும் மறந்துட்டேன். முடிச்சுப் போட உன்னை உட்டா ஆளு இல்ல. கை ஆவலைன்னாலும் காட்டிக் குடு, பசங்க போடுவாங்க. இந்தத் தடவ முறைப்படி செய்வோம், மொதல்ல வாயி, அப்புறந்தான் காலு. நாமென்ன அதைக் கொல்லவா போறோம்? ஒரு பொழுது முகத்தைப் பாத்துட்டு..."

பேச்சுச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டது. அப்பன் தோளிலிருந்து தலையைத் தூக்கியது. அதற்கு நேரே, கிட்டத்தில், கவுண்டரின் முகம் இருந்தது.

மரகதம் கையை நீட்டி அவர் வாயைத் தொட்டது. அவர் பேச்சு நின்றது. பிள்ளை அவர் மீசையை விலக்கி, மேல் உதட்டைத் தடவி, கடைவாய் ஓரத்தில் தேடி, தாடைக்குக் கீழே விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தது, மறுபடி முதலிலிருந்து தடவியது, சரியாகத் தேடவில்லையோ என்று. அவசரமே இல்லை அதற்கு. ஊர் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தப்பட்டைக்காரர் ஓங்கிய குச்சியைக் கீழே இறக்கினார். அது என்ன தேடுகிறது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் அந்தக் கயிற்றைத் தினம் தினம் பார்த்தவர்கள். கவுண்டர் மூச்சை விடாமல் நின்றார். வாயைத் திறந்தால் அந்த விரல் பயந்துவிடுமோ என்று பயந்தவரைப் போல நின்றார்.

ஒன்றும் கட்டியிருக்கவில்லை என்று பிள்ளைக்கு உறுதியான பிறகு, அது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதன் கையை மெதுவாகப் பிடித்து இறக்கி, அப்பன் தோளில் வைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வலையைத் திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே நடந்தார்.